வடக்குத் திண்ணை வெயில்

"ஆச்சி, இந்த ஒரு கதையச் சொல்லவா மூணு நாளு உக்காந்திருந்த?"

படம் ஓடி முடிந்ததும் பேத்தி கேட்ட முதல் கேள்வி இது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. விமர்சனம் செய்ய வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. உண்மையிலேயே சந்தேகம்.

மூன்று நாள் எல்லாம் இல்லை. ஒரே காலைப்பொழுது. எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றே காலுக்கு மூட்டை கட்டிவிட்டேன். ஆனால் என் படத்தில் ஆச்சி ஒரு வாக்கியத்தைச் சித்திரை வெயிலில் ஆரம்பித்து, அடுத்ததை ஐப்பசி மூட்டத்தில் தொடர்ந்து, மூன்றாவதை விளக்கு வைக்கிற நேரத்தில் முடித்தார். முகம் ஒரு முறை மஞ்சள், ஒரு முறை நீலம், ஒரு முறை எதுவென்று சொல்ல முடியாத சாம்பல். போதாக்குறைக்கு மடியில் இருந்த சொளகில் பீடி குவிந்து, குறைந்து, மறுபடி குவிந்தது.

நான் கல்யாண வீடியோவில் சன் கன் பிடிக்கிற பையனாகத் தொழிலுக்கு வந்தவன். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கினால் வெளிச்சம் சரி, சுருக்காவிட்டால் இன்னும் ஒரு அடி கிட்டே போ என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். அந்த விளக்குக்கு 'சூரியத் துப்பாக்கி' என்று பெயர் வைத்தவர் யாரோ, அதை ஒரு நாளும் வெயிலில் எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார். இப்போது நான் ஆவணப்படம் எடுக்கிறவன். அதாவது அதே அறியாமையோடு வெட்டவெளிக்கு வந்தவன்.

பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஒரு படம். பாவூர்சத்திரம் பக்கத்தில் ஒரு ஊர். ஆச்சி பத்து வயதில் சுற்றத் தொடங்கியவர். தன் வாழ்க்கையில் எத்தனை பீடி சுற்றியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. நாளைக்கு ஆயிரம் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு நானே பயந்து நிறுத்திவிட்டேன். அருமையாகப் பேசுவார். கேட்கிறவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

என்னால் அது முடியவில்லை. காரணம், மலை.

அந்த ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் குற்றாலத்து மலை முழுசாகத் தெரியும். ஆடி மாதம். உச்சியில் மேகம் படுத்திருக்கும். ஆச்சிக்குப் பின்னால் அந்த மலை இருந்தால் படம் எப்படி இருக்கும் என்று நினைத்த நிமிடமே என் மூளை பாதி வேலையை நிறுத்திவிட்டது. வீட்டுக்கு வடக்குப் பார்த்த திண்ணை, மேலே தகரக் கூரை. திண்ணையின் கிழக்கு முனையில் கேமராவை வைத்து மேற்கே பார்த்தால் ஆச்சி, அவருக்குப் பின்னால் மலை. இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு காரணமும் இருந்தது. படித்த கர்வம். ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் வடக்கு வெளிச்சத்தைத் தேடிப் போவார்கள். வடக்குச் சன்னலில் நேர் வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று வாசித்திருந்தேன். ஆச்சி திண்ணையைப் பார்த்துவிட்டு, "எய்யா, இங்கன வேண்டாம், வெயில் அடிக்கும்லா?" என்றார். "இது வடக்குப் பார்த்த திண்ணை ஆச்சி, வெயில் வராது" என்று அந்தத் திண்ணையிலேயே நாற்பது வருடமாக வத்தல் காயப் போடுகிறவரிடம் விளக்கினேன். ஆச்சி மறுத்துப் பேசவில்லை. விருந்தாளி.

ஒன்பதரைக்கு வெயில் சாய்வாக உள்ளே வந்து நேராக ஆச்சியின் முகத்தில் உட்கார்ந்தது.

அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. நான் வாசித்த புத்தகங்களை எழுதியவர்கள் லண்டன், பாரிஸ் மாதிரி ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. தென்காசி நிலநடுக்கோட்டுக்கு வெறும் ஒன்பது டிகிரி வடக்கே இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் சூரியன் இந்த ஊரின் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டு, வடக்கே நகர்ந்து போய், ஆவணி இரண்டாம் வாரத்தில்தான் திரும்ப உச்சிக்கு வரும். நடுவில் உள்ள நாலு மாதமும் உதயம் முதல் அஸ்தமனம் வரை சூரியன் வடக்கு வானத்திலேயேதான் நடக்கிறது. ஆடி பிறந்தால் தட்சிணாயனம் என்று காலண்டர் சொன்னதை நம்பி, சூரியன் தெற்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டவன் நான். அது கிளம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெயில் அப்படியே நின்றிருந்தாலாவது ஒரு மாதிரி சமாளித்திருப்பேன். ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று மேகத்தைத் துண்டு துண்டாக ஓட்டிக்கொண்டு வரும். வெயில், மூட்டம், வெயில், இரண்டு தூற்றல், மறுபடி வெயில். ஆச்சி ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் நாலு பருவம். கண்ணுக்கு இது உறுத்தாது. நம் கண் சத்தம் போடாமல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு அந்த நாகரிகம் கிடையாது. நேர் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். கனத்த மேகம் ஒன்று குறுக்கே வந்தால் பத்தாயிரம், அதற்கும் கீழே. எங்கள் பாஷையில் மூன்று ஸ்டாப்புக்கு மேல். ஒரு ஸ்டாப் என்றால் பாதி. பாதியில் பாதி, அதிலும் பாதி. வெளிச்சம் குறைகிறபோது நிறமும் மாறுகிறது. வெயில் 5600 கெல்வின் பக்கம் என்றால் மூட்டம் 6500, நிழல் அதற்கும் மேலே, நீலமாக.

இவ்வளவும் தெரிந்தவன் கேமராவை ஆட்டோவில் போட்டிருந்தேன். எக்ஸ்போஷர் ஆட்டோ, ஐஎஸ்ஓ ஆட்டோ, வொயிட் பேலன்ஸ் ஆட்டோ. மேகம் வந்தால் ஐஎஸ்ஓ ஏறி ஆச்சியின் முகத்தில் மணல் தூவியது. வெயில் வந்தால் நரைமுடி உச்சந்தலையோடு வெள்ளையாகக் கரைந்தது. இரண்டுக்கும் நடுவில் கேமரா யோசிக்கிற ஓரிரு விநாடிகளில் மலை மட்டும் காணாமல் போய்த் திரும்பி வந்தது. எந்த மலைக்காக இத்தனையும் செய்தேனோ அந்த மலை.

"கலர்ல பாத்துக்கலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும், இது ஒரு பிரார்த்தனை. கலர் பார்க்கிற நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சியின் தலையைப் பெரிதாக்கிக் காட்டி, "அண்ணே, இங்க முடியே பதிவாகல. இல்லாததுக்கு நான் எப்பிடி கலர் போட?" என்றார்.

இனி கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் என் குற்றம் முழுசாகப் புரியாது. ஆச்சிக்கு அப்போது பதினேழு வயது. சுற்றிய ஆயிரம் பீடியைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கடைக்கு நடக்கிறார். பாதி வழியில் மழை. பீடி நனைந்தால் கழிவு. கழிவானால் கூலி போச்சு, இலைக்கும் தூளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். சேலை முந்தானையை முழுசாக அவிழ்த்துத் தட்டை மூடிவிட்டு, தான் தொப்பலாக நனைந்துகொண்டே கடைக்குப் போகிறார். கணக்கப்பிள்ளை ஒரு கட்டைப் பிரித்து, ஒரு பீடியை எடுத்துக் காதோரம் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "காஞ்சுதான் இருக்கு" என்கிறான். மழையில் நின்றவளைப் பார்த்து வேறொன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை. ஆச்சி அதைச் சொல்லும்போது கை நிற்கவே நிற்காது. இலையை உருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்றி, அடுத்தது. "கொட்டு கொட்டுன்னு கொட்டுது" என்று அவர் சொல்லுமிடத்தில் என் படத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது.

அந்த இடத்தை மறைக்கக் கையைக் காட்டலாம் என்று பார்த்தேன். பேச்சை வெட்டி ஒட்டுகிறபோது நடுவில் கையையோ சொளகையோ காட்டுவது எங்கள் பழைய தந்திரம். கையை எடுத்ததெல்லாம் வெயில் இருந்தபோதுதான். மேகம் வந்த நேரமெல்லாம் நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். இந்த முறை ஆயத்தமாக. அதாவது கடன் வாங்கி.

முதலில் ஒரு ரிஃப்ளெக்டர்: 110 செ.மீ. வட்டம், ஒரு பக்கம் வெள்ளி. ஆடிக் காற்றில் அம்மி பறக்குமா என்பதை நான் நேரில் பார்த்ததில்லை. ரிஃப்ளெக்டர் பறக்கும். பிடித்துக்கொண்டிருந்த தம்பி ஒரு கையால் போனை எடுத்த நேரத்தில் அது அவனை விட்டுக் கிளம்பி, வேலி தாண்டி, மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டின் முன்னால் போய் இறங்கியது. ஆடு தன்னையே அதில் ஒரு முறை பார்த்துவிட்டு ஓடிப்போனது. பறப்பதற்கு முன்னாலும் அதனால் பெரிய பயனில்லை. வெள்ளிப் பக்கத்தைத் திருப்பியதும் ஆச்சி கையால் முகத்தை மறைத்தார். "எய்யா, புரை எடுத்த கண்ணு. கூசுது." நாற்பது வருடத் தொழிலில் நான் கற்றது மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கியதோடு முடிந்துவிட்டது போல. வெள்ளிக்குப் பதில் வெள்ளைத் தெர்மாகோல் ஒரு பலகை போதும் என்று எந்த சினிமா லைட்மேனும் சொல்லியிருப்பார். அந்தப் பலகை முப்பது ரூபாயோ என்னமோ. அதனால்தான் எனக்குத் தோன்றவில்லை.

ரிஃப்ளெக்டரை மடக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டுப் போல முறுக்கினால் மூன்று வளையமாகச் சுருங்க வேண்டும். எனக்கு அது ஒரு நாளும் சுருங்கியதில்லை. ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் சுற்றி நின்று பார்க்க, பாம்போடு மல்லுக்கட்டுகிறவன் மாதிரி பத்து நிமிடம் புரண்டேன். கடைசியில் பேத்தி வாங்கி ஒரே முறுக்கில் மடக்கிக் கொடுத்தாள்.

அடுத்து என்டி ஃபில்டர், கேமராவுக்குக் கூலிங் கிளாஸ். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கிறவன் ஷட்டரை ஐம்பதில் ஒரு விநாடியில் நிறுத்த வேண்டும்; அப்போதுதான் ஆச்சியின் கை கண்ணுக்கு இயல்பாக ஓடும். அதே சமயம் மலை கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும் என்றால் லென்ஸைத் திறக்க வேண்டும். வெயிலில் 2.8-க்குத் திறந்தால் ஆறு ஸ்டாப் அதிகம், அறுபத்து நாலு மடங்கு வெளிச்சம். அதைத் தடுக்கத்தான் இந்தக் கண்ணாடி. திருகினால் கூடிக் குறைகிற வகையில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன். வெயில் ஏற ஏறத் திருகினேன். ஓர் எல்லைக்கு மேல் திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு விழும். அது ஆச்சியின் நெற்றியில் நடுவாக விழுந்தது, கணக்கு வாத்தியார் போட்ட தப்பு மாதிரி. சின்னத் திரையில் எனக்கு அது தெரியவே இல்லை.

மூன்றாவதாக விளக்கு. இதில்தான் என் மானம் மொத்தமாகப் போனது. நூற்றைம்பது வாட் எல்இடி. பெட்டியில் ஒரு மீட்டர் தூரத்தில் இத்தனை ஆயிரம் லக்ஸ் என்று பெருமையாகப் போட்டிருந்தது. அது வெறும் விளக்கின் கணக்கு. முகத்துக்கு மென்மை வேண்டும் என்று முன்னால் சாஃப்ட்பாக்ஸ் மாட்டினால் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிடும். ஃபிரேமில் தெரியாமல் இருக்க இரண்டு மீட்டர் தள்ளினால் மிஞ்சியதிலும் கால்பங்கு. அதைத் தூக்கிக்கொண்டு லட்சம் லக்ஸ் சூரியனோடு சண்டைக்குப் போனேன். போட்டு அணைத்து, போட்டு அணைத்துப் பார்த்தேன். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. "லைட்டு எரியுதா மாமா?" என்று பேத்தி கிட்டே வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மூட்டம் போட்டபோது மட்டும் எரிந்தது தெரிந்தது, அதுவும் ஒரு கன்னத்தில் மட்டும், மஞ்சளாக. மூட்டத்தின் நீலத்துக்கு எதிரே என் 5600 பழுப்புதானே.

கடைசி ஆயுதம் வேட்டி. வெயிலுக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினால் வெயில் கரைந்து பரவும். சினிமாக்காரர்கள் ஸ்கிம்மர் என்பார்கள். துணியின் மகிமை எனக்குப் புதிதில்லை. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில் காசி வீட்டு முற்றம் கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். மழைக்குப் பயந்துதான் வெட்டவெளியில் போடாமல் உள்ளே போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா முற்றத்துக்கு மேலே வானம் மாதிரி வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழேயிருந்து விளக்கை அதன்மேல் அடித்து, திரும்பி வருகிற வெளிச்சத்தில் படம் எடுத்தார். பார்க்கிறவனுக்கு அது அசல் முற்றம். இந்தக் கதையை எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! மேடையில் சொல்லாத பாதி, அவர் மழையைப் பார்த்து உள்ளே போய்விட்டார் என்பது.

நான் வெளியிலேயே கட்டினேன். எட்டு முழ வேட்டி, இரண்டு தொரட்டிக் கம்பு, உர மூட்டை இரண்டு பாரத்துக்கு. வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. என் வாழ்நாளில் முதல் முறையாக ஆச்சியின் முகம் சரியாக இருந்தது, வேட்டிக்கரையின் நிழல் நெற்றியில் கோடாக விழுந்ததைத் தவிர. ஆச்சி அண்ணாந்து பார்த்து, "இது எந்தக் கட்சி வேட்டிய்யா?" என்றார். காற்று அதற்கு மேல் பொறுக்கவில்லை. வேட்டி பாய்மரமாக உப்பி, ஒரு கம்பைப் பிடுங்கிக்கொண்டு போய், பக்கத்து வீட்டுக் கூரையில் கொடியாக நின்றது. அந்த வீட்டுக்காரர் எதிர்க்கட்சி. அந்தச் சமாதானத்துக்கு அரைமணி நேரம் போயிற்று.

கிரே கார்டு என்று ஒன்றும் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை வெளிச்சம் மாறும்போதும் முகத்தருகே பிடித்து ஒரு நொடி எடுத்துவைத்தால் பிறகு நிறத்தைச் சரிப்படுத்த அளவுகோலாக இருக்கும். அன்று அது காப்பித் தம்ளரை மூடியிருந்தது.

இவ்வளவுக்கும் எளிய வழி எனக்குத் தெரியாதது இல்லை. மாறுகிற வானத்தில் வெயிலுக்குச் சமமாக விளக்கைத் தூக்க முடியாது. வெயிலே எட்டாத இடத்துக்கு ஆளைக் கொண்டுபோக வேண்டும். நம் கையில் உள்ள விளக்கு பெரிதாகிற அளவுக்கு இருட்டான இடமாக. இருபது பேருக்கு வகுப்பு எடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த இடத்தில் மலை தெரியாதே.

மூன்றாம் முறை போனபோது ஆவணி பிறந்துவிட்டது. ஆச்சி என்னைப் பார்த்ததும், "இன்னுமா முடியல?" என்று கேட்கவில்லை. சொளகை எடுத்துக்கொண்டு தானாகவே திண்ணைக்குப் போனார். "திண்ணை வேண்டாம் ஆச்சி, உள்ளேயே இருந்துக்கிடுவோம்" என்றேன். ஆச்சி முகத்தில் ஒரு சிறிய ஆறுதல் ஓடியதைக் கவனித்தேன்.

தார்சாவில் உட்கார வைத்தேன். வாசலை ஒருக்களித்து, சன்னலை மூடி. ஆச்சிக்குப் பின்னால் சாந்து பூசிய சுவர், ஒரு காலண்டர், தொங்கும் குடை. வேட்டியை மடித்து நாலு முழமாக்கி, கரையை வெளியே விட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் கட்டி, விளக்கை அதன் பின்னால் வைத்தேன். எல்லாம் மேனுவல். 5600, ஒரே ஐஎஸ்ஓ, ஒரே துவாரம். எதையும் தொடுவதில்லை என்று சபதம். வெளியே வெயில் வந்தது, போனது. ஒருக்களித்த கதவின் ஓரத்தில் ஒரு கோடு வெளுத்தது, மங்கியது. ஆச்சியின் முகத்தில் ஒரு மயிரிழை மாற்றம் இல்லை. அளவு பார்க்கிற மீட்டர் முள் செத்த மாதிரி நின்றது. நான் இரண்டு மணி நேரம் அந்த முள்ளையே ரசித்துக்கொண்டிருந்தேன். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.

வெளிச்சம் இப்படி ஒன்றுபோல் இருந்தால் எடிட்டிங்கில் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம் என்கிற சுதந்திரம் வருகிறது. வந்தது. கடைசியில் சொன்னதை முதலில் வைத்தேன், நடுவில் இருந்ததைப் பின்னால் நகர்த்தினேன், மழைக் கதையை மூன்றாகப் பிரித்து மூன்று இடத்தில் செருகினேன். சொளகில் பீடி ஏறி இறங்குவதை மட்டும் இந்த முறை கழுத்துக்கு மேலே ஃபிரேம் வைத்து ஏமாற்றியிருந்தேன்.

படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். பேத்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெளிச்சம் நல்லாருக்கு மாமா, ஒரே நாள்ல எடுத்த மாதிரி" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிடும் போலிருந்தது.

அன்று சாரல் விட்டுவிட்டுப் பெய்திருக்கிறது. திண்ணைத் தகரத்தில் விழுந்த சத்தம் முழுக்க மைக்கில் ஏறியிருக்கிறது. நான் வெட்டி ஒட்டிய இடத்திலெல்லாம் அது பட்டென்று நின்று, பட்டென்று தொடங்கியது. ஆச்சி தட்டைத் தலையில் வைத்து நடுவழியில் நிற்கிறார், "கொட்டு கொட்டுன்னு கொட்டுது" என்கிறார். லேப்டாப்பில் சொட்டுச் சத்தம் இல்லை. எங்கோ ஒரு கோழி மட்டும் கொக்கரிக்கிறது. அடுத்த வெட்டில் மழை வெறித்து, கடைக்குள் போய், கணக்கப்பிள்ளை பீடியைக் காதில் வைத்து உருட்டுகிறான். தகரத்தைப் பிய்த்துக்கொண்டு பெய்கிறது.

ஆச்சி திரைக்குக் கிட்டே குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"எய்யா, நான் நனையும்போது பெய்யாம, கடைக்குள்ள போன பொறவுல்லா பெய்யுது?"